கூரைப் பாசியும் பலேர்மோத் துறைமுகமும்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் நினைவுக்கு வருவது வழக்கம். இந்த மாதப் பேச்சுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது வீட்டுக் கூரையில் பிடிக்கும் பாசி. சிரிக்க வேண்டாம். இந்தப் பாசியோடும் அதை வளர்க்கும் ஈரத்தோடும் மனிதன் இரண்டாயிரம் ஆண்டுகளாக மல்லுக்கட்டி வருகிறான். அந்தச் சண்டையின் அடையாளங்களை நாங்கள் வாழும் இந்தப் பலேர்மோ நகரத்திலேயே, துறைமுகத்தையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் வைத்துக் காட்டிவிடலாம்.

இதை இப்போது பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. சிசிலியில் கோடையில் மழை மிகக் குறைவு. ஒக்டோபரில்தான் மழைக்காலம் தொடங்கும். அதற்கு முன்னர் கட்டட நிர்வாகிகளும் வீட்டுக்காரர்களும் கூரை, மொட்டைமாடி, பீலி எல்லாவற்றையும் துப்புரவாக்க ஆள் தேடுவார்கள். எம்மவர்களுக்கு 1980களிலிருந்து இந்த நகரம் வீடு கொடுத்திருக்கிறது, வேலையும் கொடுத்திருக்கிறது. அந்த வேலைகளில் கழுவுவதும் துடைப்பதும் முக்கியமானவை. "மேலே கொஞ்சம் பச்சை பிடித்திருக்கிறது, மெசினை வைத்து அடித்து விடு" என்று யாராவது சொன்னால், ஒரு நாள் கூலி கிடைக்கிறதே என்று ஏறிவிடுகிறோம். அப்படி ஏறக்கூடிய கூரையும் இருக்கிறது, தொடவே கூடாத கூரையும் இருக்கிறது. இரண்டையும் பிரித்து அறிய வேண்டுமானால், கூரைகள் எப்படி வந்தன, பாசியை விரட்ட ஒவ்வொரு காலத்திலும் என்ன செய்தார்கள், ஏன் செய்தார்கள் என்று தெரிந்திருப்பது நல்லது.

பாசி என்பது என்ன?

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்வோம். நாங்கள் பாசி என்று பொதுவாகச் சொல்வது உண்மையில் நாலைந்து வகை உயிர்கள். ஓட்டின் மேல் மெல்லிய பச்சைப் படலமாக வருவது அல்கா எனப்படும் நுண்பாசி. கறுப்புக் கோடுகளாக வழிந்தது போலத் தெரிவது பெரும்பாலும் நீலப்பச்சைப் பாசி; இது உண்மையில் ஒளியைக் கொண்டு உணவு தயாரிக்கும் ஒருவகை பக்டீரியா. சாம்பல், மஞ்சள், செம்மஞ்சள் நிறங்களில் வட்ட வட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பது லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து ஒரே குடும்பமாக வாழும் உயிர். மெத்தை போல மொத்தமாக வளர்வது பாசிச்செடி.

இவை எல்லாவற்றுக்கும் வேண்டியவை மூன்று. ஈரம், ஒளி, ஒட்டிக்கொள்ள ஒரு சொரசொரப்பான இடம். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் போதும். சுற்றுலாப் பயணிகளுக்காக மின்விளக்குப் பொருத்திய குகைகளில், விளக்கைச் சுற்றி மட்டும் பச்சை படர்ந்திருப்பதைக் காணலாம். ஈரம் குகை முழுவதும் இருக்கிறது. ஒளி அங்கே மட்டும் இருக்கிறது. கூரையிலோ நிலைமை தலைகீழ். ஒளி எங்கும் இருக்கிறது. ஈரம் தங்கும் இடத்தில் மட்டும் பாசி வருகிறது. எங்கள் நகரத்தில் வடக்குப் பார்த்த கூரைப் பக்கங்களிலும், மரநிழல் விழும் மூலைகளிலும், பீலி அடைத்து நீர் தேங்கிய இடங்களிலும் அது முதலில் தலைகாட்டுவதற்குக் காரணம் இதுதான். ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று அள்ளிவரும் சகாராப் புழுதி ஓட்டு இடுக்குகளில் படிந்து, பாசிச்செடி வேர் போல ஊன்றிக்கொள்ள மண்ணும் கொடுத்துவிடுகிறது.

ஆகவே பாசியைப் பற்றிய கேள்வி கடைசியில் தண்ணீரைப் பற்றிய கேள்வியாகிவிடுகிறது. இதை முன்னோர் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

மலைக்குகையின் தகடுகள்

துறைமுகத்தில் நின்று வடக்கே பார்த்தால் மொந்தே பெல்லெக்ரினோ மலை தெரியும். அங்கே புனித ரொசலியாவின் குகைக் கோவிலுக்குப் போகாத தமிழர் இந்த நகரத்தில் குறைவு. கத்தோலிக்கரும் போகிறார்கள், சைவர்களும் போகிறார்கள். 1624ஆம் ஆண்டு தூனிஸிலிருந்து துறைமுகத்துக்கு வந்த ஒரு கப்பலோடு கொள்ளைநோய் இந்த நகரத்துக்குள் புகுந்தது. அந்த ஆண்டிலேயே இந்தக் குகையில் கண்டெடுக்கப்பட்ட எலும்புகள் ரொசலியாவினுடையவை என்று மக்கள் நம்பி, அடுத்த ஆண்டு ஊர்வலமாக எடுத்துச் சென்றார்கள். நோய் தணிந்ததற்கு அவரே காரணம் என்பது இந்நகர மக்களின் நம்பிக்கை.

குகைக்குள் போனவர்கள் மேலே அண்ணாந்து பார்த்திருப்பீர்கள். பாறைக் கூரையெங்கும் கோணல்மாணலாக உலோகத் தகடுகள் தொங்கும். கலைப்பொருள் என்று நினைப்பவர்களும் உண்டு. அவை பீலிகள். பாறையிலிருந்து ஓயாமல் சொட்டும் நீரைப் பிடித்து ஓரமாகக் கொண்டுபோய் விடுவதற்காகச் செய்யப்பட்டவை. ஜேர்மன் கவிஞர் கோத்தே 1787 ஏப்ரலில் பலேர்மோவுக்கு வந்தபோது இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். அப்போது அவை ஈயப் பீலிகள். பச்சை வண்ணம் பூசப்பட்டு, குகைக்குள்ளே பெரிய கள்ளிச்செடிகள் வளர்ந்தது போலத் தோன்றினவாம்.

இங்கே பாறையைச் சுரண்டவில்லை, மருந்து தெளிக்கவில்லை. சொட்டும் நீரைப் பிடித்து வழியனுப்பிவிட்டார்கள். ஈரம் விழக்கூடாத இடத்தில் விழாமல் தடுப்பது, கூரைப் பராமரிப்பில் இன்றைக்கும் முதலாவது பாடம்.

சிவப்புக் குவிமாடங்களும் சுண்ணாம்பும்

நகருக்குள் வருவோம். சான் காதால்தோ தேவாலயத்தின் மூன்று சிவப்புக் குவிமாடங்களும், சான் ஜொவான்னி தெல்யி எரெமித்தியின் ஐந்து சிவப்புக் குவிமாடங்களும் பலேர்மோவின் அடையாளமாகவே ஆகிவிட்டன. இரண்டும் 12ஆம் நூற்றாண்டில், நோர்மன் அரசர் காலத்தில், அரபுக் கட்டடக்கலையின் செல்வாக்கில் எழுந்தவை. 2015இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டன. ஆனால் இன்று நாம் காணும் சிவப்பு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. ஜுசெப்பே பத்ரிகோலோ என்ற கட்டடக் கலைஞர் இவற்றைப் புதுப்பித்தபோது, பழைய பூச்சின் மிச்சத்தில் கண்ட நிறத்தை வைத்து இந்தச் சிவப்பைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது.

பழைய பூச்சு ஏன் சிவப்பாக இருக்க வேண்டும்? மத்தியதரைக் கடலைச் சுற்றியுள்ள நாடுகளில் உரோமர் காலத்திலிருந்தே நீர் புகக்கூடாத இடங்களுக்குச் சுண்ணாம்போடு செங்கற்பொடியை அரைத்துக் கலந்து பூசும் வழக்கம் உண்டு. இத்தாலியர் அதைக் கொச்சோபெஸ்தோ என்பார்கள். சுட்ட மண்ணில் உள்ள சிலிக்கா சுண்ணாம்போடு சேர்ந்து, நீரில் கரையாத உறுதியான பொருளாகிவிடுகிறது. நீர்த்தொட்டி, குளியல் மண்டபம், மொட்டைமாடி, குவிமாடம் எல்லாவற்றுக்கும் இதைப் பயன்படுத்தினார்கள்.

இதைக் கேட்டதும் எமக்கு ஊர் நினைவு வரவேண்டும். தமிழ்நாட்டின் பழைய வீடுகளில் மெட்ராஸ் டெரஸ் என்ற மாடி முறை இருந்தது. தேக்குச் சட்டங்களின் மேல் செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, அதன் மேல் செங்கற்துண்டும் சுண்ணாம்பும் கலந்த சாந்தைப் போட்டு நாட்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பார்கள். சாந்தில் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லக் கரைசலும் சேர்ப்பார்கள். பலேர்மோக் கொத்தனும் சென்னைக் கொத்தனும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. இருந்தும் இருவரும் செங்கற்தூளும் சுண்ணாம்பும் என்ற ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்.

சுண்ணாம்பு பாசியை எப்படித் தடுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நீற்றிய சுண்ணாம்பு கடும் காரம். அதன் காரத்தன்மை அளவுகோலில் 12ஐத் தாண்டும். அந்தக் காரத்தில் பாசியால் பிழைக்க முடியாது. ஆனால் காற்றிலுள்ள கரியமிலவாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு மெல்ல மெல்ல மறுபடியும் கல்லாகிவிடும். கல்லானதும் காரம் போய்விடும். அதனால்தான் ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பது என்ற வழக்கம் வந்தது. பொங்கலுக்கு முன் எங்கள் வீடுகளில் வெள்ளையடித்ததை அழகுக்காக மட்டும் என்று நினைத்திருந்தால், அதில் இந்தப் பயனும் அடங்கியிருந்தது என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

சிசிலிக்குத் தென்மேற்கே பந்தெல்லேரியா என்ற எரிமலைத் தீவு இருக்கிறது. அங்கே குடிநீர் ஊற்று இல்லை என்றே சொல்லலாம். தம்மூசோ எனப்படும் அத்தீவின் கல்வீடுகளுக்கு மேலே மெல்லிய குவிமாடம் போன்ற கூரை. அடித்து இறுக்கிச் சுண்ணாம்பு பூசிய அந்தக் கூரையில் விழும் மழைநீர், அப்படியே வழிந்து வீட்டுக்குக் கீழே உள்ள தொட்டிக்குப் போகும். அதைத்தான் குடித்தார்கள். குடிக்கும் நீர் ஓடும் கூரையில் நஞ்சு தெளிக்க முடியுமா? சுண்ணாம்பும் சரிவும் போதுமென்று அவர்கள் இருந்ததற்குக் காரணம் அதுதான். தமிழ்நாட்டில் 2003இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. கூரை நீரைத் தொட்டியில் சேர்க்கும் எவரும் பந்தெல்லேரியாக்காரரின் இந்த எச்சரிக்கையை மறந்துவிடக் கூடாது.

பல்லாரோவில் மின்னும் ஓடு

பல்லாரோச் சந்தையில் மீனும் கத்தரிக்காயும் வாங்கும்போது தலைக்கு மேலே தெரியும் பெரிய குவிமாடத்தைப் பார்த்திருப்பீர்கள். அது 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட கார்மினே மஜ்ஜோரே தேவாலயத்தின் குவிமாடம். பச்சை, நீலம், மஞ்சள் என்று மயோலிக்கா ஓடுகள் பதித்தது. மயோலிக்கா என்பது மேலே கண்ணாடிப் பூச்சுக் கொடுத்துச் சுட்ட ஓடு. கண்ணாடிக்குள் நீர் ஊறாது, அதன் மேல் புழுதியும் நெடுநாள் ஒட்டாது. முந்நூறு ஆண்டு மழையிலும் வெயிலிலும் அந்த நிறங்கள் தெரிவதற்கு இந்த மேற்பூச்சே காரணம். பாசி வருவதாக இருந்தால் ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையிலுள்ள சாந்தில்தான் வரும்.

ஏழை வீடுகளுக்கு மயோலிக்கா கட்டுப்படியாகாது. அவர்களுடைய கூரை கொப்போ எனப்படும் பாதிக்குழாய் வடிவ மண்ணோடு. எங்கள் ஊர்ப் பழைய நாட்டோட்டைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தெரியாது. ஒரு வரிசை மல்லாந்து, ஒரு வரிசை கவிழ்ந்து. மல்லாந்த ஓடு பீலியாகி நீரைக் கொண்டுபோகும். 19ஆம் நூற்றாண்டில் பிரான்சில், அல்சாஸ் பகுதியில், கிலார்தோனி சகோதரர்கள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும் தட்டை ஓட்டைச் செய்து 1841இல் காப்புரிமை பெற்றார்கள். அந்த வகை ஓடு மார்செய் துறைமுகம் வழியாக உலகெங்கும் போனது. 1865இல் பாசல் மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலையைத் தொடங்கியதும் அதே குடும்பத்து ஓடு எங்கள் பக்கமும் வந்தது. அதைத்தான் இலங்கையில் கள்ளிக்கோட்டை ஓடு என்று சொல்லிப் பழகினோம்.

மண்ணோட்டுக்கு ஒரு குணம் உண்டு. சூளையில் சுடும்போது அதன் மேற்பரப்பு இறுகி ஒரு தோல் போல ஆகும். அந்தத் தோல் இருக்கும் வரை ஓடு குறைவாகவே நீர் குடிக்கும். கம்பித் தூரிகையால் தேய்த்தாலோ, உயர் அழுத்த நீர் மெசினைக் கிட்ட வைத்து அடித்தாலோ தோல் போய்விடும். அன்று மாலை கூரை புதிது போலச் சிவந்திருக்கும். வீட்டுக்காரர் மகிழ்ந்து போவார். உள்ளேயுள்ள நுண்துளைகள் திறந்துவிட்டதால் ஓடு முன்னைவிட அதிகம் நீர் குடிக்கும். முன்னைவிட விரைவாகப் பாசி திரும்பும். அழுத்த நீர் ஓட்டின் கீழ்ப்புறமாகவும் ஏறி மரச்சட்டங்களை நனைக்கும். மெசின் பிடிக்கும் சகோதரர்கள் இதை வீட்டுக்காரருக்கு எடுத்துச் சொன்னால் தவறாக நினைக்கமாட்டார்கள் என்று நம்புகிறேன்.

துறைமுகத்தில் செம்பு

பாசியை நஞ்சால் கொல்லும் முறை கூரைக்குப் பெரும்பாலும் கடலிலிருந்து வந்தது. பலேர்மோ என்ற பெயரே பனோர்மோஸ் என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முழுவதும் துறைமுகம் என்று பொருள். லா காலா என்ற பழைய துறையில் இன்று பாய்மரப் படகுகள் நிற்கின்றன. கரையேற்றிய படகுகளின் அடிப்பகுதியில் சிவப்போ நீலமோ ஒரு மைப்பூச்சு இருக்கும். பெரும்பாலும் அதில் செம்பு கலந்திருக்கும்.

கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் பிடித்தால் வேகம் குறையும். மரத்தைத் துளைக்கும் கடற்புழு கப்பலையே தின்றுவிடும். பிரித்தானியக் கடற்படை 1761இல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு போர்த்திப் பார்த்தது. பாசியும் புழுவும் அண்டவில்லை. ஆனால் செம்புக்குப் பக்கத்தில் இருந்த இரும்பு ஆணிகள் கடல்நீரில் அரித்துப்போயின. பிறகு 1824இல் வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவி, செம்பு கரையாமல் இருக்க அதனோடு இரும்பு, துத்தநாகத் துண்டுகளை இணைத்துப் பார்த்தார். செம்பு கரைவது நின்றது. உடனே பாசி மறுபடி பிடித்தது! அதாவது செம்பு வெறுமனே இருப்பதால் பாசி சாவதில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக நீரில் கரைவதால்தான் சாகிறது. இந்தப் பேச்சில் ஒரே ஒரு செய்தியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வைத்திருங்கள்.

பின்னர் செம்பு நிலத்துக்கும் வந்தது. பிரான்சில் திராட்சைத் தோட்டத்து வீதியோரச் செடிகளுக்குத் திருடர் பயத்தால் செப்புச் சல்பேட்டும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்தார்கள். அந்தச் செடிகளில் மட்டும் பூஞ்சைநோய் இல்லாததைக் கண்ட மில்யார்தே என்ற பேராசிரியர், 1885இல் அந்தக் கலவையை மருந்தாக வெளியிட்டார். போர்தோ கலவை என்ற அந்தப் பெயரை விவசாயம் செய்த நேயர்கள் அறிவார்கள். 1904இல் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த மூர், கெல்லர்மன் என்ற இருவர், குடிநீர்த் தேக்கங்களில் மிகச் சிறிதளவு செப்புச் சல்பேட் இட்டால் பாசி அழியும் என்று அறிக்கை வெளியிட்டார்கள். அமெரிக்க வீடுகளின் தார்த்தகட்டுக் கூரைகளில் நீலப்பச்சைப் பாசி கறுப்புக் கோடு போடும். அந்தத் தகட்டில் கலந்திருக்கும் சுண்ணாம்புக்கல் பொடியே அதற்கு உணவாகிறது. அதைத் தடுக்க இன்று செப்பு மணிகள் கலந்த தகடுகளே விற்பனைக்கு உள்ளன. கூரை முகட்டில் செப்பு அல்லது துத்தநாகப் பட்டை பதிப்பதும் இதே தத்துவம். மழை அந்தப் பட்டையைக் கழுவி வழியும்போது கீழே பாசி வராது. பழைய கட்டடங்களில் செப்பு இடிதாங்கிக் கம்பிக்குக் கீழே மட்டும் ஓடு துப்புரவாக இருப்பதை நீங்களே பார்க்கலாம்.

இந்த முறை பலன் தரும். ஆனால் டேவி கண்டதை மறக்கக் கூடாது. வேலை செய்யும் செம்பு என்றால் கரைந்துகொண்டிருக்கும் செம்பு. கரைந்தது பீலி வழியாக எங்கே போகிறது? கூரை நீரைத் தொட்டியில் சேர்க்கும் வீடென்றால் தொட்டிக்குள். இல்லையென்றால் வாய்க்கால் வழியே கடலுக்குள். கடலுயிர்களுக்குச் செம்பு நஞ்சு. கப்பல் அடிக்கு இதைவிடக் கொடிய டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சை 1960களிலிருந்து பூசினார்கள். பிரான்சின் ஆர்க்கஷோன் குடாவில் சிப்பி வளர்ப்பே நாசமானது. கடைசியில் 2001இல் சர்வதேச உடன்படிக்கை செய்து, 2008இல் அதை நடைமுறைக்குக் கொண்டுவந்து தடுத்தார்கள். அலார்ம் கப்பலின் பாடமும் கூரைக்குப் பொருந்தும். செப்புப் பட்டை பதித்த கூரையின் நீர், துத்தநாகம் பூசிய தகரப் பீலியில் விழுந்தால் பீலி விரைவில் ஓட்டையாகும்.

தொடக்கூடாத கூரை

இனி நான் தொடக்கத்தில் சொன்ன விடயம்.

1901இல் லுத்விக் ஹாட்செக் என்ற ஒஸ்திரியர், சீமெந்தோடு அஸ்பெஸ்ரோஸ் நாரைக் கலந்து மெல்லிய தகடாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். என்றும் அழியாதது என்ற பொருளில் அதற்கு எத்தெர்னித் என்று பெயர் வைத்தார். மலிவு, பாரமில்லை, தீப்பிடிக்காது. இரண்டாம் உலகப்போரில், குறிப்பாக 1943 மே 9ஆம் திகதி நடந்த குண்டுவீச்சில், துறைமுகத்தைச் சுற்றியிருந்த பழைய நகரம் நொறுங்கிப் போனது. இடிபாடுகளைக் கடற்கரையில் கொட்டினார்கள். இன்று மாலையில் பிள்ளைகள் விளையாடும் ஃபோரோ இதாலிக்கோப் புல்வெளி அப்படி உருவானதே. பிறகு நகரம் அவசர அவசரமாக வளர்ந்தது. அந்த வளர்ச்சியில் பட்டறை, பண்டகசாலை, மொட்டைமாடிக் கொட்டகை, தண்ணீர்த்தொட்டி, புகைக்குழாய் என்று எங்கும் எத்தெர்னித் ஏறியது. இத்தாலி 1992இல் 257ஆம் இலக்கச் சட்டத்தால் அஸ்பெஸ்ரோஸைத் தடைசெய்தது. தடை வந்ததே தவிர, முன்னர் ஏறியவற்றில் பல இன்னமும் மேலேதான் இருக்கின்றன.

அஸ்பெஸ்ரோஸ் நார் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சோடு உள்ளே போனால் வெளியே வராது. நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் அது உண்டாக்கும் மெசோதெலியோமா என்ற புற்றுநோய் 20 முதல் 40 ஆண்டுகள் கழித்தும் வெளிப்படலாம். பலேர்மோ கப்பல் கட்டும் தளத்தில் வேலை செய்த பலர் அஸ்பெஸ்ரோஸ் நோய்களால் இறந்தார்கள். அந்த வழக்குகள் இந்த நகரத்து நீதிமன்றத்திலேயே நடந்தன.

பழைய எத்தெர்னித் தகட்டின் சீமெந்து, மழையில் கரைந்து நார் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சொரசொரப்பில் பாசியும் லைக்கனும் நன்றாகப் பிடிக்கும். ஆகவே பார்ப்பதற்கு மற்றக் கூரைகளைவிட அதுதான் அதிகம் கழுவ வேண்டியது போலத் தோன்றும். அங்கேதான் ஆபத்து. அழுத்த மெசினால் அடித்தால் நார் நீரோடு நாற்புறமும் சிதறும். காய்ந்ததும் காற்றில் கிளம்பும். கழுவியவர் உடுப்போடு அது வீட்டுக்கும் வரும். தூரின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய கூரைகளை ஆராய்ந்து, மேலே படர்ந்த லைக்கன் ஒரு போர்வை போல நாரைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்துவைக்கிறது என்று கண்டிருக்கிறார்கள். மற்ற எல்லாக் கூரையிலும் நாம் விரட்டும் உயிர், இந்தக் கூரையில் எமக்குக் காவல் நிற்கிறது.

நான் துறைமுகப் பக்கத்தில் ஒரு கட்டடத்தில் படிக்கட்டுக் கழுவிக்கொண்டிருந்த காலத்தில், பின்முற்றத்துக் கொட்டகைக் கூரையை மெசினால் அடித்துத் தரும்படி கேட்டார்கள். பக்கத்தில் சுவர் பூசிக்கொண்டிருந்த வயதான சிசிலியக் கொத்தனார் அந்த நெளிவுத் தகட்டைக் காட்டி, "எத்தெர்னித், தொடாதே" என்றார். அவருடைய அண்ணன் கப்பல் தளத்தில் வேலை செய்தவர். மேலே அவர் ஒன்றும் விளக்கவில்லை. நான் அந்த வேலையை எடுக்கவில்லை. ஆனால் அவரைப் போல ஒருவர் எல்லா இடத்திலும் பக்கத்தில் நிற்கமாட்டார். அதனால்தான் இதை வானொலியில் சொல்ல விரும்பினேன்.

என்ன செய்யலாம்?

1992க்கு முந்திய கட்டடத்தில் சாம்பல் நிற நெளிவுத் தகடோ, சீமெந்துத் தொட்டியோ, குழாயோ கண்டால், அஸ்பெஸ்ரோஸ் இல்லை என்று உறுதியாகும் வரை அது அஸ்பெஸ்ரோஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கழுவ வேண்டாம், சுரண்ட வேண்டாம், துளையிட வேண்டாம், உடைக்க வேண்டாம். அதை அகற்றவோ பூச்சிட்டு மூடவோ வேண்டுமானால் அதற்கென்று பதிவுசெய்த நிறுவனங்கள் உண்டு. அகற்றும் திட்டத்தை அவர்கள் முன்கூட்டியே சுகாதாரப் பகுதிக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். கூலிக்கு வரும் ஒருவரை ஏற்றிச் செய்விக்கும் வேலை அல்ல அது. மறுப்பது உங்கள் உரிமை.

மண்ணோட்டுக் கூரையென்றால், கோடை முடியுமுன் காய்ந்த நிலையில் மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழாகத் துடையுங்கள். காய்ந்த பாசி எளிதில் உதிரும். பீலியையும் அதன் வாயையும் துப்புரவாக்குங்கள். உடைந்த ஓட்டை மாற்றுங்கள். மேலே கவியும் கிளைகளை வெட்டச் சொல்லுங்கள். பூச்சிட்ட மொட்டைமாடியில் நீர் தேங்கும் பள்ளம் இருந்தால், பாசியைத் தேய்ப்பதற்கு முன் பள்ளத்தை நிரப்பச் சொல்லுங்கள். கந்தெஜீனா ஊற்றினால் பச்சை உடனே வெளுக்கும் என்பது உண்மை. ஆனால் அது உலோகத்தை அரிக்கும், கீழேயுள்ள செடிகளைக் கருக்கும், ஈரம் அப்படியே இருந்தால் அடுத்த மாரியிலேயே பாசி திரும்பிவிடும். அதோடு அச்சிதோ முரியாத்திகோவை ஒருபோதும் கலக்க வேண்டாம். கிளம்பும் குளோரின் வாயு மூச்சைப் பறிக்கும்.

ஏறுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பாசி பிடித்த ஓடு ஈரத்தில் சவர்க்காரம் போல வழுக்கும். இத்தாலியச் சட்டப்படி இரண்டு மீற்றருக்கு மேலான எந்த வேலையும் உயர வேலை. 2008ஆம் ஆண்டின் 81ஆம் இலக்க ஆணை, அதற்குப் பாதுகாப்பும் பயிற்சியும் கொடுப்பது வேலைகொடுப்பவரின் கடமை என்கிறது. கயிறும் சாரமும் கேட்பதில் வெட்கம் இல்லை.

ஊரிலும் அஸ்பெஸ்ரோஸ் கூரைகள் ஏராளம். அங்கே அம்மா, அப்பா, சகோதரர் யாராவது மாரிக்கு முன் அதைத் தேய்த்துக் கழுவுகிறார்களா என்று இந்த வார இறுதியில் தொலைபேசியில் பேசும்போது கேட்டுப் பாருங்கள். கழுவுகிறார்கள் என்றால், வேண்டாம் என்று சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால், இந்த இதழை வாசித்துக் காட்டுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் சந்திப்போம்.